'குட் லக்' சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்ட கதைகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். பழைய கோப்பு ஒன்று எங்கேயோ காணாமல் போயிருந்தது, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மதியம் போல டீம் லீடரிடமிருந்து இரண்டே வார்த்தையில் ஒரு மெசேஜ்: 'எனி லக்?' அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் முழித்தேன். அதிர்ஷ்டம் ஏதாவது உண்டா என்று இவர் எதற்கு என்னிடம் கேட்கிறார்? கடைசியில், மனிதர் என் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அக்கறையாக விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, 'யெஸ், ஐ ஆம் வெரி லக்கி டு வொர்க் ஹியர்' என்று பதில் போட்டேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு, 'கிளாட் டு ஹியர் இட். அண்ட் த ஃபைல்?' என்று கேட்டார்.

'எனி லக்?' என்றால் 'கிடைச்சுதா?' அவ்வளவுதான். அல்லது 'ஆச்சா?', 'நடந்ததா?' தொலைந்த சாவியைத் தேடுகிறவரிடமும் கேட்கலாம், போனில் யாரையோ பிடிக்க அரை மணி நேரமாக முயன்றுகொண்டிருப்பவரிடமும் கேட்கலாம். கிடைக்கவில்லை என்றால் 'நோ லக் யெட்', கிடைத்துவிட்டது என்றால் 'யெஸ், ஃபவுண்ட் இட்'. இதில் கிரகம், ராசி எதுவும் கிடையாது. இன்று வரை எனக்கு அலுவலகத்தில் வரும் 'லக்' என்ற சொல்லில் பாதி இந்த அர்த்தத்தில்தான் வருகிறது, ஆனால் எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

ஆங்கிலம் எனக்குப் புத்தகத்தின் வழியாக வந்த மொழி. இலக்கணம் ஓரளவு தெரியும், நீளமான வாக்கியம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், ஆனால் எங்கள் டீமில் பாதிப் பேர் பிரிட்டன், சிலர் அமெரிக்கா, ஒருவர் ஜெர்மனி என்று கலந்திருந்ததால் தினமும் பேச வேண்டியிருந்தது, பேச ஆரம்பித்த பிறகுதான் சின்னச் சின்ன வார்த்தைகளில் கால் இடறியது. அதிலும் வாழ்த்துவது, ஆறுதல் சொல்வது, நல்லது நடந்தால் சந்தோஷப்படுவது, இந்த மூன்று இடங்களில்தான் நான் அதிகமாக அசடு வழிந்திருக்கிறேன், யோசித்துப் பார்த்தால் மூன்றிலும் இந்த 'லக்' உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மாட்டிக்கொண்டபோதும் போனில் குறித்து வைத்தேன்.

முதலில் இலக்கணத் தப்பு, அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். தமிழில் 'என்ன ஒரு அதிர்ஷ்டம்!' என்போம். அதை அப்படியே திருப்பி 'வாட் எ லக்!' என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர், காற்று மாதிரி 'லக்' எண்ண முடியாத பெயர்ச்சொல், அதற்கு முன்னால் 'எ' வராது. 'வாட் லக்!' என்று சொல்லலாம், 'வாட் எ ஸ்ட்ரோக் ஆஃப் லக்' என்று சொல்லலாம், 'எ பிட் ஆஃப் லக்', 'எ பீஸ் ஆஃப் லக்' எல்லாம் சரி. அதேபோல 'ஐ ஹேவ் குட் லக்' என்பது தப்பில்லை என்றாலும் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வது அபூர்வம், 'ஐ ஆம் லக்கி' அல்லது, கடை மூடும் நேரத்தில் போய் கடைசி ஒன்று கிடைத்த மாதிரிச் சந்தர்ப்பத்தில், 'ஐ ஆம் இன் லக்'. சரி, இலக்கணம் போதும். இதில் தப்பு செய்தால் யாருக்கும் மனம் புண்படாது.

மனம் புண்பட்ட கதைக்கு வருகிறேன்.

எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தார், என்னைவிடச் சில வருடம் மூத்தவர், பிரிட்டன்காரர். இரண்டு வருடமாக வேலையோடு வேலையாக ஒரு பரீட்சைக்குப் படித்து, வார இறுதியெல்லாம் அதற்கே கொடுத்து, ஒருவழியாகப் பதவி உயர்வு வாங்கினார். வீடியோ காலில் அறிவித்தார்கள், எல்லோரும் வாழ்த்தினார்கள், என் முறை வந்தது. நான் முகம் நிறையச் சிரிப்போடு, உண்மையான சந்தோஷத்தோடு, 'வாவ், யூ ஆர் சோ லக்கி!' என்றேன். ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அந்த ஒரு விநாடியை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் மெல்லச் சிரித்து, 'வெல், ஐ டிட் வொர்க் ஃபார் இட்' என்றார். அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

என்ன தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. சாயங்காலம் வேறொரு பிரிவில் இருந்த, நம் மொழி பேசுகிற மூத்த அக்கா ஒருவரிடம் போய்ச் சொன்னேன்.

"என்னக்கா, வாழ்த்தத்தானே செஞ்சேன்?"

"நீ 'கொடுத்து வச்சவங்க'ன்னு சொல்ல வந்தியா?"

"ஆமாக்கா."

"அது அவங்க காதுல 'உனக்குச் சும்மா அடிச்சுதும்மா'ன்னு விழுந்திருக்கும்ப்பா."

அன்றைக்கு ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் ஒருவரைக் 'கொடுத்து வைத்தவர்' என்கிறோம். எப்போதோ, எங்கேயோ அவர் கொடுத்து வைத்திருக்கிறார், அது இப்போது திரும்பி வருகிறது என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாக்கியசாலி, யோகக்காரர் எல்லாம் அந்த ஜாதிச் சொற்கள்தான். அதிர்ஷ்டம் என்ற வடசொல்லுக்கே 'கண்ணுக்குத் தெரியாதது' என்றுதான் நேர்ப்பொருள், தெரியாமல் இருக்கிறதே தவிரக் காரணம் இல்லாமல் இல்லை. அதனால் ஒருவரை அதிர்ஷ்டசாலி என்றால் நம் காதில் அது பெரும்பாலும் புகழ்ச்சி. ஆங்கிலத்தின் 'லக்கி'க்கு அந்த முன்கணக்கு கிடையாது. பகடையை உருட்டினாய், ஆறு விழுந்தது, அவ்வளவுதான். உழைத்து வாங்கியவரிடம் போய் அதைச் சொன்னால் உழைப்பைத் துடைத்து எறிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதே சொல்லை அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். விருது வாங்கும் எல்லோரும் மேடையில் 'ஐ ஹேவ் பீன் வெரி லக்கி' என்கிறார்கள், கேட்பவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிகிறது. அதாவது 'நான் லக்கி' என்றால் பணிவு, 'நீ லக்கி' என்றால் குத்தல். அவர் பணிவாக 'ஐ வாஸ் ஜஸ்ட் லக்கி' என்று சொல்லும்போது நீங்கள் தலையாட்டி 'யெஸ், யெஸ்' என்று சொல்லிவிடாதீர்கள், நான் அதையும் செய்திருக்கிறேன். அந்த இடத்தில் 'நாட் அட் ஆல், யூ டிசர்வ்ட் இட்' என்று மறுக்க வேண்டும், அவர் எதிர்பார்ப்பதே அந்த மறுப்பைத்தான். உழைப்பால் வந்தது எதுவானாலும் 'கங்கிராஜுலேஷன்ஸ், வெல் டிசர்வ்ட்' என்று சொன்னால் தப்பே வராது. 'யூ ஹேவ் அர்ன்ட் இட்' இன்னும் நல்லது.

அப்படியானால் பிறரை 'லக்கி' என்று சொல்லவே கூடாதா? சொல்லலாம். நாளைக்கு எனக்கு லீவு என்கிறாரா, ஜன்னலோர சீட் கிடைத்ததாமா, கூட்டம் ரத்தாகிவிட்டதாமா, தாராளமாக 'லக்கி யூ!' என்று சொல்லுங்கள். அவர் உழைத்து வாங்காததற்கு மட்டும் லக்கைக் கொடுங்கள் என்பதுதான் எனக்குப் புரிந்த விதி. 'ஃப்ளூக்' என்ற சொல்லில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது 19-ஆம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து கிளம்பிய சொல், ஒரு பந்தைக் குறிவைத்து அடிக்க வேறொன்று போய்க் குழியில் விழுந்தால் அது ஃப்ளூக். நம் 'குருட்டாம்போக்கில் பட்டது'. நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியபோது நானே சிரித்துக்கொண்டு 'டோட்டல் ஃப்ளூக்' என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் இன்னொருவரின் புரோகிராமைப் பார்த்து அதையே சொன்னேன். சிரிப்பு வரவில்லை.

நடந்து முடிந்ததற்கு இப்படி என்றால், நடக்கப்போவதற்கு வாழ்த்துவது சுலபமாக இருக்க வேண்டும் அல்லவா? 'குட் லக்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? பெரும்பாலும் ஆமாம். பரீட்சை, நேர்முகத் தேர்வு, புது வேலை, வீடு மாறுவது, எல்லாவற்றுக்கும் 'குட் லக்', 'பெஸ்ட் ஆஃப் லக்' போதும். குழி எங்கே இருக்கிறது என்றால் பின்னொட்டில். எங்கள் மேலாளர் ஒருமுறை, இந்த அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடப் போகிறேன் என்று குழுவில் எழுதினார். நான் மரியாதையாக 'குட் லக் வித் தட்!' என்று கீழே எழுதினேன். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. 'குட் லக் வித் த ரிப்போர்ட்' என்று பொருளைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் அது வாழ்த்து. 'வித் தட்' என்று மொட்டையாக விட்டால், அதிலும் முகம் தெரியாத எழுத்தில், 'நடந்த மாதிரிதான்' என்ற நக்கல் வந்துவிடுகிறது. அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், ஆனால் அதற்குக் கீழே நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

'ஆல் த பெஸ்ட்' நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து பரீட்சைக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகியது. பிரிட்டன்காரர்களிடமும் அந்தப் பயன்பாடு உண்டு, ஆனால் அவர்கள் அதைக் கடிதத்தின் கடைசி வரியாகவும் விடைபெறும்போதும் நிறையப் பயன்படுத்துகிறார்கள். பத்து நிமிடத்தில் ஒரு விளக்கவுரை கொடுக்கப் போகிற அமெரிக்க நண்பர் ஒருவரிடம் நான் வெறுமனே 'ஆல் த பெஸ்ட்' என்று எழுத, அவர் 'ஆர் யூ லீவிங்?' என்று கேட்டார். இப்போது 'ஆல் த பெஸ்ட் ஃபார் யுவர் டாக்' என்று எதற்கு என்பதைச் சேர்த்து எழுதுகிறேன்.

அப்புறம் பதில் சொல்வது. யாராவது நமக்கு 'குட் லக்' சொன்னால் வாயில் தானாக வருவது 'சேம் டு யூ'. அவருக்கு எந்தப் பரீட்சையும் இல்லை, எந்தத் தேர்வும் இல்லை, எதற்கு அவருக்கு அதே? போதாக்குறைக்கு, திட்டியவனுக்குத் திருப்பிக் கொடுக்கும்போதும் ஆங்கிலத்தில் அதே வாக்கியம்தான். 'தேங்க்ஸ்' போதும். கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் 'தேங்க்ஸ், ஐ வில் நீட் இட்' என்று சொல்லலாம், எனக்கு அது நிஜமாகவே வேண்டும் என்று நம்மை நாமே லேசாகக் கேலி செய்துகொள்வது. இது அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது.

'பிரேக் எ லெக்' என்பதை எங்கேயோ படித்துவிட்டு, இதை எப்போதாவது பயன்படுத்தியே தீர வேண்டும் என்று காத்திருந்தேன். காலை உடைத்துக்கொள் என்று சொன்னால் வாழ்த்து, என்ன ஒரு மொழி! சந்தர்ப்பமும் வந்தது. ஒரு நண்பர் மாரத்தான் ஓடப் போவதாகச் சொன்னார். நான் பெருமையோடு 'பிரேக் எ லெக்!' என்றேன். அவர் தன் முழங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் என்னவென்றால் அது மேடைக்காரர்களின் வாழ்த்து. நாடகம், இசை, நடனம், இழுத்துப் பிடித்தால் பெரிய கூட்டத்தின் முன்னால் பேசப் போகிறவர். 'குட் லக்' என்று நேரடியாகச் சொன்னால் ராசியில்லை என்று நாடகக்காரர்கள் நம்புவதால் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்களிடமும் 'கழுத்தும் காலும் உடையட்டும்' என்று பொருள்படும் 'ஹால்ஸ் உண்ட் பைன்புருக்' இருக்கிறது என்று எங்கள் ஜெர்மன் நண்பர் சொன்னார், அதை அவர்கள் மேடைக்கு வெளியேயும் சொல்வார்களாம். இத்தாலியில் 'ஓநாயின் வாய்க்குள்' என்று வாழ்த்துவார்கள், 'அது சாகட்டும்' என்று பதில் சொல்வார்கள். நிஜமாகவே கால் உடைய வாய்ப்புள்ள எவரிடமும் ஆங்கிலத்தில் இதைச் சொல்லாதீர்கள் என்று மட்டும் நான் அனுபவத்தில் சொல்ல முடியும்.

ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும் 'குட் லக்' வேண்டாம். சொல்லக் கூடாது என்று சட்டம் இல்லை, பலர் சொல்கிறார்கள், ஆனால் மருத்துவர் கையில் இருப்பது கத்தியா பகடையா என்ற நினைப்பு கேட்பவருக்கு வந்துவிட்டால் நன்றாகவா இருக்கும்? 'ஐ ஹோப் இட் ஆல் கோஸ் வெல்', 'திங்கிங் ஆஃப் யூ', இவை போதும்.

நமக்கும் அந்த முடிவில் ஆசை இருக்கிறது என்று காட்ட 'ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட்' சொல்லலாம். சுட்டு விரல் மீது நடு விரலை ஏற்றிப் பின்னிக்கொள்வது. 'கீப்பிங் மை ஃபிங்கர்ஸ் க்ராஸ்ட் ஃபார் யூ' என்றால் உனக்காக நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்ற நெருக்கம் வந்துவிடுகிறது, 'குட் லக்'கைவிட இதமானது, காத்திருக்கிற எதற்கும் பொருந்தும். சொல்லாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கையால் செய்து காட்டும் முன்னால் எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள். வியட்நாமில் அந்த விரல் பின்னல் ஆபாச சைகை. ஜெர்மனியிலும் போலந்திலும் விரலைப் பின்னுவதற்குப் பதிலாகக் கட்டைவிரலை உள்ளே மடக்கி அழுத்திப் பிடிப்பார்கள். எங்கள் ஜெர்மன் நண்பர் ஒருமுறை ஆங்கிலத்தில் 'ஐ ப்ரெஸ் மை தம்ப்ஸ் ஃபார் யூ' என்று எழுத, அலுவலகமே குழம்பிப்போனது, எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், நான் ஒருவன் மட்டும் இல்லை என்று.

தோற்றவருக்கு ஆறுதல் சொல்வதில் நான் செய்தது இதைவிட மோசம். நேர்முகத் தேர்வில் தேறாத ஒரு நண்பரிடம் 'டஃப் லக்' என்றேன். 'டஃப்' என்றால் கஷ்டம், கஷ்ட காலம் என்று சொன்ன மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அது பெரும்பாலும் 'அதுக்கு நான் என்ன பண்ண முடியும், உன் தலையெழுத்து' என்ற தொனியில்தான் வரும். 'ஹார்ட் லக்' என்று சொல்லியிருந்தால் பிரிட்டன் பேச்சில் அது நிஜமான அனுதாபம். ஹார்டும் டஃப்பும் அகராதியில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், லக்கோடு சேர்ந்ததும் ஒருவர் கண்ணீர் துடைக்கிறார், ஒருவர் கதவைச் சாத்துகிறார். 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்' இன்னொரு வில்லங்கம். குலுக்கலில் பரிசு விழாத சீட்டில் அச்சடித்திருக்குமே அந்த வாக்கியம், விளையாட்டுக்குச் சரி, வேலை போனவரிடமோ உறவு முறிந்தவரிடமோ சொல்ல அது லாயக்கில்லை. அங்கே லக்கை இழுக்கவே இழுக்காதீர்கள். 'ஐ ஆம் சாரி டு ஹியர் தட்', அப்புறம் கொஞ்சம் மௌனம்.

கேட்கும்போது ஏமாற்றுகிற சில தொடர்கள் தனியாக இருக்கின்றன. அமெரிக்க நண்பர் ஒருவர் 'வீ லக்ட் அவுட் வித் த வெதர்' என்று எழுதியிருந்தார். 'அவுட் ஆஃப் லக்' என்றால் அதிர்ஷ்டம் தீர்ந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் 'லக்ட் அவுட்' என்றாலும் அதுதான் என்று, சுற்றுலா முழுக்க மழை போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு ஒரு நீண்ட ஆறுதல் மெயில் எழுதினேன். அவர் பதிலுக்கு நல்ல வெயிலில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினார். அமெரிக்கப் பேச்சில் 'லக் அவுட்' என்றால் அதிர்ஷ்டம் அடித்தது, நேர் எதிர். 'ஜஸ்ட் மை லக்' என்பதைக் கேட்டால் நல்லது என்று தோன்றும், ஆனால் அது எப்போதும் 'என் நேரம்!' என்ற சலிப்பு, குடை எடுக்காத அன்றைக்குத்தான் மழை வரும் மாதிரி. 'நோ சச் லக்' என்றால் 'எங்கே, அதெல்லாம் நடக்குமா'. 'அஸ் லக் வுட் ஹேவ் இட்' மட்டும் இரண்டு பக்கமும் சாயும், நல்லது நடந்தாலும் சொல்வார்கள் கெட்டது நடந்தாலும் சொல்வார்கள், வாக்கியம் முடியும் வரை பொறுத்திருந்துதான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். 'கெட் லக்கி' பற்றி ஒரே வரி: திங்கட்கிழமை காலையில் சக ஊழியரிடம் 'டிட் யூ கெட் லக்கி திஸ் வீக்எண்ட்?' என்று கேட்காதீர்கள், அவர் லாட்டரியைப் பற்றி நினைக்க மாட்டார், படுக்கையைப் பற்றி நினைப்பார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

'டச் வுட்' நம்மில் பலர் சரியாகவே சொல்கிறோம், ஏனென்றால் அதன் பின்னால் இருக்கும் மனநிலை நமக்குப் பழகியது. 'இந்த வருஷம் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லாமல் போகல' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு உடனே மனம் துணுக்குறுமே, வாய் முகூர்த்தம் பலித்துவிடுமோ, கண் பட்டுவிடுமோ என்று, அந்த நொடிக்கான சொல். பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. மரத்தில் வாழும் தெய்வங்களிலிருந்து வந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது, அதற்கு உருப்படியான ஆதாரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் குழந்தைகள் விளையாடிய ஒரு தொட்டுப் பிடிக்கும் ஆட்டத்தில் மரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவரைப் பிடிக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது, அங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் நம்பும்படி இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான், இது இப்போது நன்றாக இருப்பது இப்படியே நீடிக்கட்டும் என்பதற்கு. நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிறவரிடம் 'டச் வுட்' என்றால் அவருக்குப் புரியாது.

இதையெல்லாம் குறித்துக்கொண்டே போனதில் சொற்களின் வேர் தேடும் கிறுக்கு வேறு பிடித்துக்கொண்டது. 'லக்' என்பதே ஆங்கிலத்துக்கு 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் டச்சு, கீழ் ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்த சொல், சூதாட்டத்தோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் அவர்களிடம் 'ஹாப்' என்று ஒரு சொல் இருந்தது, அதுவும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. இன்று அது தனியாகப் புழங்குவதில்லை, ஆனால் குழந்தை குட்டிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன: நேர்வது 'ஹாப்பன்', ஒருவேளை 'பெர்ஹாப்ஸ்', விபத்து 'மிஸ்ஹாப்', பாவப்பட்டவர் 'ஹாப்லெஸ்'. 'ஹாப்பி'யும் அந்த வீட்டுப் பிள்ளைதான், முதலில் அதற்கு அதிர்ஷ்டமுள்ள என்றுதான் பொருள், சந்தோஷம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் 'க்ளுக்' என்ற ஒரே சொல் இன்றும் இரண்டுக்கும் பொருந்துகிறது.

'சான்ஸ்' என்பதன் வேர் 'விழு' என்ற லத்தீன் வினை. பகடை எப்படி விழுகிறதோ அது சான்ஸ். நாம் லாட்டரி 'விழுந்தது' என்கிறோம், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம், எதிர்பாராதது எல்லாம் எங்கிருந்தோ விழத்தான் செய்கிறது போலிருக்கிறது. எதிர்பாராமல் கையில் வரும் பெரிய தொகைக்கு ஆங்கிலத்தில் 'விண்ட்ஃபால்', காற்றில் தானாக உதிர்ந்த பழம், மரம் ஏறிப் பறிக்க வேண்டாம். சம்பள உயர்வை 'விண்ட்ஃபால்' என்று எழுதிவிடாதீர்கள், அது நீங்கள் ஏறிப் பறித்தது. இதே வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஆஸ்பிஷியஸ்', நல்ல சகுனமுள்ள என்ற பொருளில் கொஞ்சம் பெரிய மனிதத்தனமான சொல். லத்தீனில் பறவையைப் பார்ப்பவர் என்பதிலிருந்து வந்தது, பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் ரோமானியர்கள் காரியம் தொடங்கினார்கள். பழந்தமிழில் 'புள்' என்றால் பறவை, 'புள்' என்றால் சகுனமும்கூட. இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று அக்காவுக்கு போன் செய்தேன். "இதுக்கா ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்ட?" என்றார்.

'செரண்டிபிட்டி'யைச் சொல்லாமல் விட முடியாது. சொல்லுக்குப் பிறந்த தேதி தெரிவது அபூர்வம், இதற்குத் தெரியும்: 1754 ஜனவரி 28. ஹொரெஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் ஹொரெஸ் மான் என்ற நண்பருக்கு அன்று எழுதிய கடிதத்தில்தான் இந்தச் சொல்லை உருவாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவர், தேடாத விஷயங்களைத் தற்செயலாலும் கூர்மையான அறிவாலும் கண்டுபிடித்துக்கொண்டே போகிற ஒரு கதையை அவர் படித்திருந்தார், அதிலிருந்து எடுத்தார். செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்று. வால்போல் தற்செயலோடு அறிவையும் சேர்த்துச் சொன்னார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். 1928-இல், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சை வந்து உட்கார்ந்தது தற்செயல், அதைச் சுற்றிக் கிருமிகள் வளராததைக் கவனித்தது தற்செயல் இல்லை. ஆகவே ஒருவரின் கண்டுபிடிப்பை 'லக்கி' என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், அவர் முயற்சியையும் விட்டுக்கொடுக்காமல், எதிர்பாராமல் நடந்ததையும் மறைக்காமல், 'செரண்டிபிட்டி' என்று சொல்லிவிடலாம். பதவி உயர்வு வாங்கிய அந்தப் பெண் ஒருமுறை வேறெதையோ தேடப்போய் எங்கள் பெரிய பிழை ஒன்றைக் கண்டுபிடித்தபோது நான் இதைத்தான் சொன்னேன். "யூ ஹேவ் இம்ப்ரூவ்ட்" என்றார். அவர் மறக்கவில்லை.

கடைசியாக ஒரு மெயில் சமாச்சாரம். நான் முன்பு ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தேன், பதில் வந்தது, நீளமான மரியாதையான கடிதம், கடைசி வரியில் 'வீ விஷ் யூ த பெஸ்ட் ஆஃப் லக் இன் யுவர் ஃபியூச்சர் எண்டெவர்ஸ்'. என் எதிர்கால முயற்சிகளுக்கெல்லாம் வாழ்த்துகிறார்களே, வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்து வீட்டில் சொல்லியும் விட்டேன். அது நிராகரிப்புக் கடிதத்தின் முத்திரை வாக்கியம் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்த பிறகாவது விட்டேனா, வேலையை விட்டுப் போகும் ஒரு நண்பரின் அட்டையில் அழகாக இருக்கிறதே என்று அதையே எழுதினேன். அவர் படித்துவிட்டு, 'ஸோ ஐ டிட் நாட் கெட் த ஜாப்?' என்று கேட்டார்.

இப்போது அட்டையில் 'குட் லக் வித் த நியூ ஜாப், வீ வில் மிஸ் யூ' என்று மட்டும் எழுதுகிறேன். ஒன்றுதான் இன்னும் கைவரவில்லை. பிரிட்டன்காரர்கள் நண்பனுக்கு எதிர்பாராமல் ஏதாவது கிடைத்தால் 'யூ ஜாமி திங்!' என்று கத்துகிறார்கள், ஜாமில் முக்கியெடுத்த மாதிரி உனக்கு மட்டும் வாய்க்கிறதே என்கிற செல்லப் பொறாமை. இரண்டு தடவை முயன்று பார்த்தேன். இரண்டு தடவையும் எதிரில் இருந்தவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.